ஒன்பதாம் கூண்டுப் பஞ்சு

நெவென்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் வயிற்றிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேனேஜர் கூப்பிட்டால் அவளுக்கு வயிறு கலங்கும். நாளைக்குப் பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்னால் கலங்கும். சம்பளம் கூட்டியிருக்கிறார்கள் என்று நல்ல சேதி சொன்னாலும் கலங்கும்.

"சந்தோஷத்துக்குமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"எது சந்தோஷம், எது பயம்னு அதுக்கு எப்படித் தெரியும் டென்சில்? அது வயிறு. அதுக்கு எல்லாமே இரைச்சல்தான்" என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள்.

கனடாவில், ஹாமில்டனில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நானும் அவளும் ஒன்பது வருஷம் எலிகளுக்கு ஊழியம் பார்த்தோம். நான் கூண்டு கழுவுகிறவன். இருநூறு கூண்டு, இருநூறு தண்ணீர்ப் புட்டி, தினமும் கொதிநீர். மேல்மாடியில் உள்ள சாதாரண எலி அறைகளையும் நானே பார்த்துக்கொள்வேன். அவளுக்கு ஒரே ஒரு அறை. சுத்த அறை என்று பெயர். உள்ளே போகக் குளிக்க வேண்டும், உடை மாற்ற வேண்டும், முகமூடி, தலைக்குல்லா, இரட்டைக் கையுறை. ஒரு பென்சிலைக்கூட நீராவியில் வேகவைக்காமல் உள்ளே விடமாட்டாள். அதற்கு முன்னால் இருபது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோலும் ஊசியும் வேகவைத்தவள். அந்த அறைச் சாவியைக் கழுத்தில் ஒரு நாடாவில் தொங்கவிட்டிருப்பாள். அவளை நம்பி ஒருத்தர் கொடுத்த சாவி அது ஒன்றுதான் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். வீட்டுக் கார் சாவியைக்கூட அவள் கணவர் ஸ்வோன்கோ கொடுக்கமாட்டார்; நெடுஞ்சாலையைக் கண்டால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள் என்பது அவர் கட்சி.

பத்தொன்பது வயதில் குரோயேஷியாவிலிருந்து வந்தவள். வயதில் சின்னவர் யாராக இருந்தாலும் "சினே" என்பாள். அவர்கள் பேச்சில் மகனே என்று அர்த்தம். எனக்கும் சினே, எலிக்கும் சினே, பெட்டை எலிக்கும் சினே. எனக்கு நாற்பத்தொன்பது வயது, தலை வழுக்கை. சினேயாம்!

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிவிட்டது. ஒரு மருந்து கேட்கவில்லை, இன்னொன்று, பிறகு அதைவிட வீரியமாக இன்னொன்று. நெஞ்சு சரியாகிவிட்டது. ஆனால் வயிறு படுத்துவிட்டது. வயிற்றோடு சேர்ந்து மனசும் படுத்துவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஓடுவாள். ஓடாத நேரத்தில் அழுவாள். எதற்கென்று கேட்டால் தெரியாது. ஒருநாள் ரொட்டி வாட்டும் மெஷினைப் பார்த்து அழுதாள், அது தனியாக இருக்கிறதாம். மருத்துவமனையில், "எல்லாம் உங்கள் தலைக்குள்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

"என் தலைக்குள்ளயா டென்சில்? தலை நல்லாத்தான் இருக்கு. இங்க இருந்துல்ல மேல ஏறுது!" என்று தொப்புளைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த மூன்று மாதமும் அவள் வேலையில் பாதியை நான் பார்த்தேன். தர்மம் செய்வதாக நினைத்து அல்ல. எரிச்சலோடு, திட்டிக்கொண்டே பார்த்தேன். "போ, போய் உட்கார்ந்து அழு, நான் பாத்துக்கறேன், தொல்லை" என்பேன். மேனேஜருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவியை வாங்கியிருப்பார்கள். வசந்தம் வந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். வீட்டில் ஊறவைத்த முட்டைக்கோஸ் தண்ணீர்தான் தன்னைத் தேற்றியது என்று இன்றுவரை சாதிக்கிறாள். நான் சிரிப்பேன்.

சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் ஐலா.

டாக்டர் ஐலா சுத்த அறைக்கு வந்து சேர்ந்த ஆராய்ச்சியாளர். முப்பத்துநான்கு வயது. படிகளில் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். பரபரப்பு வந்தால் கோட்டுப் பையிலிருந்து கேரட்டை எடுத்துக் கடிப்பார். அவர் ஆராய்ச்சியே வயிற்றுக்கும் மனசுக்கும் நடுவே என்ன பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதுதான். நெவென்கா தன் கதையைச் சொன்னபோது நின்று முழுதாகக் கேட்டார். பிறகு, "முட்டைக்கோஸ் குணப்படுத்துச்சுன்னு நான் சொல்லமாட்டேன் நெவென்கா. எனக்குத் தெரியாது. ஆனா உங்க தலைக்குள்ள மட்டும்தான்னு சொன்னாங்க பாருங்க, அவங்களுக்கும் தெரியாது" என்றார். அன்று முதல் நெவென்கா அவருக்காக உயிரைக் கொடுக்கத் தயார். உயிர் எதற்கு, பன்னிரண்டு மணிக்குக் கூண்டு மாற்று என்றால் பதினொன்று ஐம்பதுக்கு மாற்றியிருப்பாள்.

சோதனை இதுதான். வெள்ளை எலி ஒரு ஜாதி, பிறவிப் பயந்தாங்கொள்ளி. இரண்டு அங்குல உயர மேடையில் விட்டால் இறங்க நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் ஆகும். ஓரத்தில் நின்று கீழே பாதாளம் இருப்பதுபோல் பார்க்கும். பழுப்பு எலி இன்னொரு ஜாதி, விட்டதும் குதிக்கும். ஐலா கிருமி எதுவுமே படாமல் வளர்த்த இருபத்துநான்கு வெள்ளை எலிகளை எடுத்துக்கொண்டார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள கூண்டுகளுக்கு, வெள்ளை எலிப் புழுக்கையைக் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டு வாயில். பதின்மூன்று முதல் இருபத்துநான்கு வரை, பழுப்பு எலிப் புழுக்கைத் தண்ணீர். முதல் பன்னிரண்டும் பயந்தே இருந்து, அடுத்த பன்னிரண்டும் தைரியமாகிவிட்டால், பயத்தில் ஒரு பங்கு வயிற்றில் குடியிருக்கிறது என்று சொல்லலாம்.

நவம்பர் கடைசிவரைதான் கெடு. முடிவு தெளிவாக வந்தால் அறை இன்னும் இரண்டு வருஷம் ஐலாவுக்கு. இல்லையென்றால் வேறு குழுவுக்குப் போய்விடும், எலிகளைக் கொன்றுவிடுவார்கள், நெவென்காவிடமிருந்து சாவி போய்விடும்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நெவென்கா லீவு எடுப்பாள். வருஷத்தில் அவள் தவறாமல் எடுக்கும் ஒரே லீவு. அவளும் ஸ்வோன்கோவும் அவர்கள் ஊர்க்காரர்கள் நாலு குடும்பமும் சேர்ந்து கார் நிறுத்தும் கொட்டகையில் முட்டைக்கோசை முழுசு முழுசாகப் பீப்பாயில் அடுக்கி, உப்பு போட்டு, மேலே கல் வைக்கிற நாள் அது. அன்று சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு சுத்த அறையில் கூண்டு மாற்ற வேண்டியது நான்.

குளித்தேன், குல்லா போட்டேன், எல்லாம் சட்டப்படி. முதல் பன்னிரண்டில் சில கூண்டுகளில் தண்ணீர்ப் புட்டி ஒழுகியிருந்தது. அந்த மாதம் வந்த மூடி ரப்பர் மட்டமான சரக்கு. எலிகள் கூடு கட்டியிருந்த பஞ்சு சொதசொதவென்று நனைந்து, அதுகள் மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தன. எனக்கு எலி பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். ஆனாலும் நடுங்குகிற உயிரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியுமா? மேல்மாடியில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. கூண்டு மாற்றும்போது பழைய கூட்டுப் பஞ்சில் ஒரு பிடி புதுக் கூண்டில் போடுவோம். பழகின வாசனை இருந்தால் எலி மிரளாது. ஒன்றினுடையது கெட்டிருந்தால் பக்கத்து வீட்டுக்காரனுடையதில் ஒரு பிடி. அங்கே எல்லாம் ஒரே ஜாதி, எந்தச் சிக்கலும் கிடையாது. அந்த வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தேன். பக்கத்து அடுக்கில், புழுக்கைக்காக வைத்திருந்த பழுப்பு எலிகள் மலை மலையாகக் கூடு கட்டி வைத்திருந்தன. அதில் ஒவ்வொரு பிடி எடுத்து, நனைந்த கூண்டுகளில் போட்டேன். வெள்ளைகள் உடனே அதற்குள் புகுந்துகொண்டன. நல்ல காரியம் செய்தோம் என்று விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேன். புத்தகத்தில் எழுதவில்லை. ஒரு பிடி பஞ்சைப் போய் யார் எழுதுவார்கள்?

நவம்பர் நடுவில் சோதனை நாள். எனக்கு அதுவரை எலி ஆராய்ச்சியில் இவ்வளவு படபடப்பு இருக்கும் என்று தெரியாது. ஹாக்கி ஆட்டம் தோற்றது! நெவென்கா முறை மாற்றி மாற்றி எலிகளைக் கொண்டுவருவாள். எந்தக் கூண்டு என்று ஐலாவுக்குத் தெரியக்கூடாது. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி, மேடையை மட்டும் பார்த்தபடி ஸ்டாப்வாட்சோடு நிற்பார். கூண்டு எண்ணும் நேரமும் எழுதுவது நான்.

பதினேழாம் எண், வெள்ளை. மேடையில் விட்டாள். மூக்கை நீட்டியது. மீசை துடித்தது. டப்பென்று இறங்கிவிட்டது.

"பன்னிரண்டு செகண்ட்!" என்றார் ஐலா.

இருபத்துமூன்று. ஒன்பது செகண்ட்! பதினாலு. பதினெட்டு செகண்ட்! நெவென்காவின் கண்கள் முகமூடிக்கு மேலே தட்டுபோல் விரிந்துவிட்டன. வெள்ளை எலி இப்படி இறங்கி அவள் ஆயுசில் பார்த்ததில்லை. நாலாம் எண்ணை விட்டாள். அது மேடையைக் கட்டிக்கொண்டது. ஐந்து நிமிஷம் ஆகியும் இறங்கவில்லை. அப்படித்தான் ஆக வேண்டும்! எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. பேனாவை நறநறவென்று கடித்தேன்.

அப்புறம் இரண்டாம் எண். பயந்தே இருக்க வேண்டிய கூட்டத்தில் ஒன்று. மேடையில் கால் பட்டதும் இறங்கி, மீசையைத் துடைத்துக்கொண்டது.

"பதினொன்று" என்றார் ஐலா, திரும்பாமல், சந்தோஷமாக. நான் எழுதினேன். நெவென்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஆறாம் எண், பதினாலு செகண்ட். பதினொன்றாம் எண், எட்டு. ஒன்பதாம் எண்ணோ, விடுவதற்கு முன்பே கையிலிருந்து தாவியது.

சாயங்காலம் ஐலா பட்டியலை விரித்தார். கடித்த கேரட்டை மெல்லுவதற்கு மறந்துவிட்டார். பழுப்புத் தண்ணீர் குடித்த பன்னிரண்டும் தைரியசாலிகள், சரி. ஆனால் வெள்ளைத் தண்ணீர் குடித்த பன்னிரண்டில் ஐந்து அதேபோல் இறங்கியிருந்தன. இரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று.

"ஒப்பிட்டுப் பாக்க வேண்டிய கூட்டமே கெட்டுப்போச்சு" என்றார். "பழுப்பு எலியோட புழுக்கை எப்படியோ இதுங்க வாய்க்குள்ள போயிருக்கு. எலி புழுக்கையைத் திங்கும், அது சகஜம். ஆனா அதுவா நடந்து போய்ப் பக்கத்துக் கூண்டுல தின்னிருக்காது. யாரோ கொண்டுபோயிருக்காங்க. எப்படின்னு தெரியாம ஒண்ணையும் நம்ப முடியாது. வெள்ளிக்கிழமை கமிட்டில நான் என்னன்னு சொல்லுவேன்?"

புழுக்கை. யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். எலிக்கூட்டுப் பஞ்சில் பாதி புழுக்கைதானே!

விசில் அடித்துக்கொண்டு வெளியே வந்தேனே, அந்த விசில் காதில் கேட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் நெவென்கா பேசினாள். கூட்டத்தில் அவள் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. "அது என் அறை டாக்டர். சாவி என்கிட்டதான் இருக்கு. தப்பு என்னோடது. கமிட்டில அப்படியே சொல்லிருங்க" என்று கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: பயந்துவிட்டேன். எனக்கு ஏற்கனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் உண்டு, இரண்டும் மேனேஜரிடம் வாய் நீண்டதற்காக. மூன்றாவது வந்தால் வீட்டுக்குத்தான்.

புதனும் வியாழனும் எனக்கு என்ன நடந்தது என்றால், வயிறு கலங்கியது. எனக்கு! கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்று மார் தட்டினவனுக்கு! நின்றால் கலக்கம், உட்கார்ந்தால் கலக்கம். நானும் நெவென்காவும் தாழ்வாரத்தில் எதிரெதிரே ஓடினோம். சிரிப்பு வர வேண்டிய காட்சி, வரவில்லை. வியாழக்கிழமை அவள் ஒரு ஜாடியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். மங்கலான முட்டைக்கோஸ் தண்ணீர்.

"குடி, சினே."

"சாக்கடை மாதிரி இருக்கு."

"இருக்கட்டும், குடி. ரெண்டு நாளா எத்தனை தடவை போறேன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எண்ணினியா? வேற வேலை இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. நாளைக்குப் போகுது" என்றாள், கோபமே இல்லாமல். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கோபமில்லாமல் சொன்னதுதான் என்னைக் கொன்றது. ஜாடியை ஒரே மூச்சில் குடித்தேன். புளிப்பில் காது விடைத்தது. அது வயிற்றில் என்ன செய்ததோ தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஐலாவின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். நெவென்காவும் அங்கே இருந்தாள், தன் குல்லா, செருப்பு எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்திருந்தாள்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"என்னத்த?" என்றார் ஐலா.

"பஞ்சை! பழுப்பு எலிப் பஞ்சை! புட்டி ஒழுகி வெள்ளைங்க நனைஞ்சு கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு, ஒரு பிடி எடுத்துப் போட்டேன். மேல்மாடில அப்படித்தான் செய்வோம். முட்டைக்கோஸ் வெள்ளிக்கிழமை. நெவென்கா அன்னைக்கு வேலைக்கே வரல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. போதுமா? மூணாவது கடிதத்தைக் கொடுங்க, நான் போறேன்."

ஐலா திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். கை கேரட்டைத் தேடியது.

"எல்லாக் கூண்டுலயும் போட்டியா?"

"இல்ல. ஒழுகினதுல மட்டும்."

"எதெதுன்னு ஞாபகம் இருக்கா?"

"மூணோ, நாலோ... எண் யாருக்கு ஞாபகம்?"

"டென்சில்! யோசி! எது எதுன்னு தெரிஞ்சா..." அவர் மேசையைச் சுற்றி வந்து என் தோளைப் பிடித்துவிட்டார். "கேளு. நீ பஞ்சு போட்ட கூண்டும், பயம் விட்ட கூண்டும் ஒண்ணா இருந்தா, கெட்டுப்போச்சுன்னு நான் சொன்னது தப்பு. ஒரு பிடி பஞ்சே போதும்னு ஆகுது! நான் வாயில ஊத்தினது, பிடிச்சு அழுத்தினது, அதனாலதான் எலி மாறுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு பொருந்தலைன்னாலும் கதை முடிஞ்சுது. அப்ப வேற ஏதோ நடந்திருக்கு, எனக்குத் தெரியாதது."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. புட்டிகள்!

ஒழுகுகிற புட்டியை நான் கழுவிப் போடுவதில்லை. கூண்டு எண்ணை டேப்பில் எழுதி ஒட்டி, ரப்பர் வரும்வரை தனியாக ஒரு தட்டில் வைப்பேன். ரப்பர் கேட்டு ஒரு மாதமாக மேனேஜரிடம் கத்திக்கொண்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. மேனேஜர் வாழ்க!

மூன்று பேரும் ஓடினோம். நெவென்கா ஓடி நான் பார்த்த ஓட்டமெல்லாம் கழிப்பறைக்குத்தான். அன்று எனக்கு முன்னால் ஓடினாள். கழுவும் அறையின் மேல்தட்டில் கையை விட்டேன். முதல் புட்டி. டேப்பைத் திருப்பினேன்.

"ஆறு!"

"ஆறு இருக்கு!" என்று கத்தினார் ஐலா, பட்டியலைப் பார்த்து.

"இரண்டு!"

"இருக்கு!"

"பதினொன்று!"

"இருக்கு! இருக்கு!"

"மூணு!"

"அஞ்சாவதை எடு, ஒன்பதை எடு!"

கையைத் துழாவினேன். தூசி. ஒரு பழைய தூரிகை. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். தட்டைக் கவிழ்த்தேன். ஐந்தாவது புட்டி இல்லை.

"நாலுதான்" என்றேன்.

ஐலா பட்டியலைப் பார்த்தபடியே நின்றார். "நாலு போதாது. ஒன்பது ஏன் இறங்குச்சு? கையிலேருந்தே தாவுச்சே அது. பஞ்சு இல்லாம அது மாறியிருந்தா, மத்ததும் பஞ்சால மாறலைன்னு ஆயிரும்." கடிகாரத்தைப் பார்த்தார். கமிட்டிக்கு இருபது நிமிஷம் இருந்தது.

அப்போது நெவென்கா தன் பையைத் திறந்தாள். குல்லா, செருப்பு எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் வைத்தாள். அடியிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தாள். மூடி போட்டு, அதற்கு மேல் டேப் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு சிட்டிகைப் பஞ்சு. டேப்பில் அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில் ஒன்பது என்று ஓர் எண். அதன் கீழே தேதி: முட்டைக்கோஸ் வெள்ளிக்கு அடுத்த திங்கள்.

ஐலா அதை விளக்குக்கு நேரே பிடித்தார். பஞ்சுக்குள் நாலைந்து முடி. பழுப்பு முடி.

"வெள்ளை எலிக்கு ஏது பழுப்பு முடி?" என்றாள் நெவென்கா, மெதுவாக. "திங்கக்கிழமை காலைல பாத்தேன். ஒன்பதுல மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. ஒண்ணுதான்னு நினைச்சேன்."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அன்று நான் வேகவைத்து உள்ளே கொண்டுபோன சாமான்களில் ஒரே ஒரு நல்ல ரப்பர் இருந்தது! முதலில் கண்ணில் பட்ட ஒழுகல் ஒன்பதில், அங்கேயே மாட்டிவிட்டேன். அந்தப் புட்டி தட்டுக்கு வரவே இல்லை. "ஒன்பதோட புட்டியைப் போய்ப் பாருங்க, கறுப்பு ரப்பர் இருக்கும்! மத்ததெல்லாம் சிவப்பு!" என்று கத்தினேன். யாரும் போகவில்லை. ஐலா நெவென்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வாரமா உங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்பது மட்டும் தெரியும்."

"எழுதியிருக்கணும் நெவென்கா! அன்னைக்கே சொல்லியிருக்கணும்! நீங்களா இப்படி?" ஐலாவின் குரல் உண்மையிலேயே உடைந்தது. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"சொல்லியிருக்கணும்" என்றாள் நெவென்கா. "தினமும் சொல்லணும்னுதான் வருவேன். வந்ததும் வயிறு பிடிச்சுக்கும். சொன்னா இவனுக்கு மூணாவது கடிதம். எனக்கு உடம்பு முடியாதப்ப மூணு மாசம் இவன் என் வேலையைப் பாத்தான் டாக்டர். ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. என்னை மட்டும் திட்டினான், நாள் முழுக்கத் திட்டினான். ஆனா ஒருத்தர்கிட்டயும் சொல்லலை." மூக்கை உறிஞ்சினாள். "தூக்கிப் போட்டிருக்கலாம் இந்தக் குழாயை. மனசு வரலை. உங்களுக்கும் துரோகம் பண்ண முடியலை, இவனுக்கும் முடியலை. ரெண்டும் இங்கயே கிடந்து உருண்டுச்சு" என்று வயிற்றில் கை வைத்தாள்.

நான் எலிப் புட்டிகளை வரிசையாக அடுக்க ஆரம்பித்தேன். அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஐலா இரண்டு தடவை அறையின் குறுக்கே நடந்தார். பிறகு நின்றார். "அஞ்சுக்கு அஞ்சு" என்றார். "பஞ்சு போடாத ஏழும் பயந்தே இருக்கு. ஏழுக்கு ஏழு. கடவுளே, பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!" அடுத்த நொடி நாலு புட்டியையும் கைக்குழந்தைபோல் அள்ளிக்கொண்டு, குழாயைப் பல்லில் கவ்வப் போய், நெவென்கா "ஐயோ, வாயில வைக்காதீங்க!" என்று அலற, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு படியில் ஓடினார். ஒரு கேரட் படியில் உருண்டு வந்தது.

ஒரு மணி நேரம் ஆனது. நாங்கள் கழுவும் அறையில் உட்கார்ந்திருந்தோம். மெஷின் நின்று ஆறிப்போயிருந்தது.

"தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தத் தண்ணியைக் கொடுத்தியா?" என்று கேட்டேன்.

"பின்ன? உன் வயித்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"நான் சொல்லாமலே போயிருந்தா? சாவியைக் கொடுத்துட்டுப் போயிருப்பியா?"

"குழாயைப் பையோட எடுத்துட்டுத்தான் போயிருப்பேன். வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள்.

ஐலா ஓடிவரும் சத்தம் கேட்டது. கதவு சுவரில் மோதித் திறந்தது. "வசந்தம் வரைக்கும்!" என்று மூச்சிரைத்தார். தற்செயலாக நடந்தது நிரூபணம் ஆகாது என்று கமிட்டி சொல்லிவிட்டதாம், அது நியாயம்தான். ஆனால் இதையே ஒழுங்காக, எழுதி வைத்து, சீட்டுப் போட்டுக் கூண்டு தேர்ந்தெடுத்து, வேண்டுமென்றே ஒரு பிடி பஞ்சு போட்டுச் செய்து பாருங்கள் என்று அறையை வசந்தம்வரை விட்டிருக்கிறார்கள். பழைய எலிகளையும் கொல்லப் போவதில்லை. அதுகளின் தைரியம் எத்தனை நாள் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு மூன்றாவது கடிதம் உண்டு. மேனேஜர் ஏற்கனவே எழுதியாயிற்று, ஆனால் வேலை போகாது, ஐலா கேட்டுக்கொண்டாராம். அந்தக் கடிதம் இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஐலா பென்சிலால் எழுதியிருக்கிறார்: பஞ்சுக்கு நன்றி.

பிறகு ஐலா பையிலிருந்து நாடாவை எடுத்து நெவென்காவின் கழுத்தில் தானே மாட்டினார். சாவி அவள் மார்பில் ஆடியது. "இனிமே பஞ்சு, தூசி, தும்மல், எதுவானாலும் அன்னைக்கே என்கிட்ட சொல்லணும். வயிறு வலிச்சாலும் சொல்லணும். வலிக்கறதுனாலதான் சொல்லணும்" என்றார்.

"வலிக்குது டாக்டர்" என்றாள் நெவென்கா உடனே. ஒரு நிமிஷம் நின்று உள்ளே கவனித்தாள். "இல்ல. இது பசி" என்றாள்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்தாள். போன வருஷத்துப் பீப்பாயின் கடைசி முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டி வேகவைத்தது, எட்டு உருண்டை. நாலு வாரமாக இரண்டு பிஸ்கட்டோடு எழுந்துகொண்டிருந்தவள். அன்று நாலை மூடியில் எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, உட்கார்ந்து, அவசரமே இல்லாமல், மீதியை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டாள். நடுவில் ஒருமுறைகூட எழுந்து ஓடவில்லை. ரொட்டியால் டப்பாவைத் துடைத்தாள்.

"சாப்பிடு, சினே. ஏன் பாத்துக்கிட்டே இருக்க?"

நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற எனக்கு அன்று ஒரு வாய்கூட இறங்கவில்லை.